தறி ஓடிய நாற்பது நிமிடம்

காலை பதினொன்று ஏழு. கைப்பேசித் திரையில் எட்டுக் கட்டங்கள். முதல் கட்டத்தில் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டாவதில் ஒரு நெற்றி, புருவத்துக்கு மேலே உள்ள பகுதி மட்டும். மூன்றாவதில் சுவர்க் காலண்டரின் கீழ்ப்பாதி. நான்காவது இருட்டு. ஒவ்வொரு கட்டத்தின் கீழும் ஓர் ஆணின் பெயர் இருந்தது. கடைசியாக வந்து சேர்ந்த கட்டத்தில் ‘மாரியப்பன்’ என்று எழுதியிருந்தது. அதற்குள் ஒரு பெண்ணின் தாடை தெரிந்தது. கூடவே விசைத்தறியின் சத்தமும் வந்தது.

கர்ப்பிணிகளுக்காக நான் நடத்திய முதல் கைப்பேசிக் கூட்டம் அது. கொரோனாவின் இரண்டாவது அலை சற்றே தணிந்து, சங்கரன்கோவிலில் தறிகள் ஓட அனுமதி கிடைத்திருந்த வாரம். நான் மேற்பார்வைச் செவிலியர். ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் இருந்தன. இப்போது இந்த வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் கைப்பேசியோடு வளர்ந்தவர்கள். கட்டங்களை எப்படித் திறப்பது, எப்படி மூடுவது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கூட்டங்களில் நான் செய்த ஒரு தவற்றையும், அதைச் சரிசெய்ய எனக்குக் கிடைத்த நாற்பது நிமிடத்தையும் சொல்கிறேன். அது உங்களுக்குப் பயன்படும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்தக் காலத்தில் கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வந்தால் எடை, ரத்த அழுத்தம், மாத்திரை, அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் வெளியே அனுப்பிவிடுவோம். வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்து பேசக்கூட விடவில்லை. வளைகாப்பு நின்றது. தாய்வீட்டுப் போக்கு நின்றது. ஆறு மாதம் கடந்த பெண்களை வாரம் ஒருமுறை, புதன்கிழமை, நாற்பது நிமிடம் திரையில் கூட்டி, அவர்கள் மனதில் இருப்பதைப் பேசவிடுங்கள் என்று உத்தரவு வந்தது. இரண்டு மணி நேரப் பயிற்சியும் ஒரு தாளும் கொடுத்தார்கள். தாளின் முதல் வரி: அமைதியான இடத்தில் அமரச் சொல்லவும். மருந்தின் அளவைப் பின்பற்றுவதுபோல அந்த வரியை நான் பின்பற்றினேன்.

முதல் நாள் திரையில் தெரிந்த பெயர்களைத்தான் கூப்பிட்டேன். வேறு வழி தெரியவில்லை. “மாரியப்பன், சத்தம் கேக்குதா?” என்று கேட்டதும் புளியங்குடிக் கட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“மாரியப்பனுக்கு எத்தனையாவது மாசம்னு கேளுங்க சிஸ்டர்.”

எட்டுக் கட்டங்களும் சிரித்தன. நெற்றி மட்டும் தெரிந்த பெண் கைப்பேசியைத் தாழ்த்தி முகத்தைக் காட்டினாள். அந்தப் புளியங்குடிக்காரியின் பெயர் நிஷா. கணவர் வளைகுடாவில். வாப்பாவின் எலுமிச்சைக் கடை பூட்டிக் கிடந்ததால் அவருடைய கைப்பேசி அவளிடம் இருந்தது. குழுவை நடத்தியது நான் என்றாலும், அதைக் கலகலப்பாக வைத்திருந்தது அவள்தான்.

மாரியப்பன் என்ற கட்டத்துக்குள் இருந்தவள் முத்துச்செல்வி. மாரியப்பன் அவளுடைய கணவர். வீட்டோடு சேர்ந்த கூடத்தில் இரண்டு விசைத்தறிகள். நூல் தட்டுப்பாட்டில் ஒன்றுதான் ஓடியது. துண்டு நெய்தார்கள். மாரியப்பன் தறியைப் பார்த்துக்கொள்வார், அவருடைய அம்மா அடுத்த அறையில் இருப்பார். முத்துச்செல்விக்கு இது இரண்டாவது கர்ப்பம். உயிருடன் குழந்தை இல்லை என்று என் பதிவேட்டில் இருந்தது.

முதல் மூன்று புதன்கிழமைகளிலும் முத்துச்செல்வி தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே பேசினாள். கைப்பேசியை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். எனக்குப் பாதிதான் கேட்டது. ஐந்தாறு நிமிடத்துக்கு ஒருமுறை தறி நிற்கும். குறுக்கே ஓடும் நாடாவுக்குள் இருக்கும் தாரில், அதாவது நூல் சுற்றிய குச்சியில், நூல் தீர்ந்துவிட்டால் ஒரு சின்னக் கம்பி விழுந்து தறியைத் தானாக நிறுத்திவிடும். மாரியப்பன் வேறு தார் மாற்றி மறுபடி ஓட்டுவார். தறி நின்ற அந்தச் சில விநாடிகள் முத்துச்செல்வியும் நிறுத்திக்கொள்வாள். ஓடத் தொடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். இதை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்ததை என்னவென்று கேட்டுக்கொள்ளவில்லை. முதல் தவறு அங்கே.

நான்காவது வாரம், மற்றவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது, கூட்ட நேரத்தில் தறியை நிறுத்தச் சொல் அல்லது வேறு அறைக்குப் போ என்று சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். “சரி சிஸ்டர்” என்றாள். மாரியப்பனும் நல்ல மனிதர். நர்சம்மா சொல்லிவிட்டார்கள் என்று அடுத்த வாரத்திலிருந்து பதினொரு மணிக்குத் தறியை நிறுத்திவிட்டார்.

ஐந்தாவது வாரம் அவள் குரல் கண்ணாடிபோலக் கேட்டது. எப்படி இருக்கே என்றேன். “நல்லா இருக்கேன் சிஸ்டர்.” தூக்கம்? “நல்லா தூங்குதேன்.” சாப்பாடு? “நல்லா சாப்பிடுதேன்.” அவளுடைய இடது தோளுக்குப் பின்னால், கதவோரத்தில், கரும்பச்சைச் சேலையின் ஒரு விளிம்பு தெரிந்தது. நாற்பது நிமிடமும் அது அசையவில்லை. அறிக்கையில் அவள் பெயருக்கு நேரே ‘முன்னேற்றம்’ என்று எழுதினேன். ஆறாவது வாரமும் அதே மூன்று பதில்கள், அதே விளிம்பு. ஏழாவது வாரம் அந்தக் கட்டம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு அந்தத் தெருவின் செவிலியர் அழைத்தாள். வேலைக்கு வந்து ஓராண்டு ஆகாத பெண். முத்துச்செல்விக்கு ரத்த அழுத்தம் நூற்றைம்பதுக்கு நூறு. சற்று இடைவெளி விட்டு இரண்டாவது முறை பார்த்தும் அதேதான். தலைவலி இல்லை, கண் மங்கல் இல்லை, குழந்தையின் துடிப்பு சரியாக இருக்கிறது. அரசு மருத்துவமனையில் உடனே சேர்க்க வேண்டும். ஆனால் அவள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு வர மறுக்கிறாள். கணவர் கெஞ்சிப் பார்த்துவிட்டார். மாமியார் அழுதுவிட்டார். “நான் வரல” என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து வேறு சொல் வரவில்லை.

மருத்துவ அலுவலரிடம் பேசினேன். மதியம் ஒரு மணிக்குள் அவள் வார்டில் இருக்க வேண்டும் என்றார். கொரோனா பயமாகத்தான் இருக்கும், ஆம்புலன்ஸோடு நீங்களே போய்த் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். அந்த மாதங்களில் யார் எதற்கு மறுத்தாலும் கொரோனா பயம் என்றே எழுதினோம்.

நான் போக முடியாது. என் வீட்டில் ஒருவருக்குத் தொற்று உறுதியாகி, நான்காவது நாளாக ஒற்றை அறைக்குள் இருந்தேன். கையில் இருந்தது கைப்பேசி மட்டும்.

குழுவில் ஒரு வரி போட்டேன்: முத்துச்செல்வியிடம் இந்த வாரம் யாராவது பேசினீர்களா? ஒரு நிமிடத்தில் நிஷா அழைத்தாள்.

“சிஸ்டர், ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது.”

“சொல்லு.”

“தறியை நிப்பாட்டச் சொன்னது நீங்கதானே. அன்னையோட அவ பேச்சும் நின்னுபோச்சு. எங்கிட்டயும் பேசல.”

அவள் தொடர்ந்தாள்.

“அவ மாமியா அடுத்த ரூம்லயே இருக்கும். தறி ஓடுனா ஒருத்தருக்கும் ஒண்ணும் கேக்காது. இவ அந்த நேரத்துக்குன்னே பாத்து அங்கன போயி உக்காருவா. உங்களுக்கும் அது தெரியும்னுல்லா நெனச்சோம்.”

“உங்களுக்கெல்லாம் அவ பேசுனது கேட்டதா?”

“நாங்க இயர்போன் மாட்டிருந்தோம். நீங்க ஸ்பீக்கர்ல போட்டுட்டு ஃபைல் பாத்துக்கிட்டு இருந்தீங்க.”

உண்மை. பயிற்சித் தாளில் என் காதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவர்கள் உட்காரும் இடத்தைப் பற்றித்தான் இருந்தது. அவள் என்ன பேசினாள் என்று கேட்டேன். அதை நான் சொல்ல மாட்டேன், அவளே சொல்லட்டும் என்றாள் நிஷா. குழுவில் பேசியது குழுவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று முதல் நாள் நான்தான் விதி சொல்லியிருந்தேன். அதை என்னைவிட ஒழுங்காக அவள் கடைப்பிடித்தாள்.

அப்போது மணி பதினொன்று இருபது. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பேச்சு போதும் என்று நம்பி ரத்த அழுத்தத்தைக் காத்திருக்க வைக்கவில்லை. முதலில் ஆம்புலன்ஸை வரச்சொல்லி, சைரன் போடாமல் தெருமுனையில் நிறுத்தச் சொன்னேன். செவிலியரைத் தறிக்கூடத்தின் வாசலில் உட்கார வைத்தேன். தலைவலி என்று அவள் நெற்றியைத் தொட்டால்கூடப் பேச்சை அறுத்துவிட்டுத் தூக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாற்பது நிமிடம். அதற்கு மேல் ஒரு நிமிடம் கிடையாது. மருத்துவ அலுவலரிடம் இதைச் சொல்லி ஒப்புதல் வாங்கினேன். நேரத்தை முதலில் வரையறுங்கள். அதற்குள் எவ்வளவு வேண்டுமானாலும் பொறுமையாக இருக்கலாம்.

பிறகு மாரியப்பனை அழைத்தேன்.

“தம்பி, தறியைப் போடுங்க.”

“எதை சிஸ்டர்?”

“தறியை.”

“அவளுக்குத் தலை வலிக்கும்னு காலையில இருந்து நானே நிப்பாட்டி வச்சிருக்கேன் சிஸ்டர். இப்பம் போயி…”

“போடுங்க. போட்டுட்டு, போனை முத்துச்செல்வி கையில குடுத்து அங்கன உக்காரச் சொல்லுங்க. நீங்க உங்க வேலையப் பாருங்க.”

“சரி” என்றார். காரணம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பதினொன்று நாற்பத்தெட்டுக்கு ‘மாரியப்பன்’ கட்டம் திரையில் வந்தது. தாடை. தறிச் சத்தம். நான் இயர்போன் மாட்டியிருந்தேன். மற்ற பெண்களில் நான்கு பேர் போட்ட வேலையைப் போட்டபடி விட்டு வந்திருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தேன். இரண்டு நிமிடம் வெறும் தறிதான் ஓடியது. நிஷா மட்டும், “நாங்க இருக்கோம்டி” என்றாள். முத்துச்செல்வி பேசத் தொடங்கினாள்.

நிறுத்தாமல் பேசினாள். முன்பெல்லாம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்ற பேச்சு அன்று ஒருமுறைகூட நிற்கவில்லை. அவள் சொன்னதன் சுருக்கம் இது. அதை இங்கே எழுத அவள் பிறகு அனுமதி தந்தாள்.

முதல் குழந்தை பெண். மாதம் முடியும் முன்பே பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் பதினோரு நாள் இருந்தது. எங்கள் பக்கத்தில், பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் வாங்குவதில்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய துணியில்தான் வாங்குவோம். மாரியப்பன் மெல்லிய நூலில் ஒரு சின்னத் துண்டு நெய்து, புதுசு போக வேண்டும் என்று மூன்று மாதம் அதைத் துவைத்துத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். அந்தத் துண்டு மருத்துவமனைக்குப் போனது. பன்னிரண்டாம் நாள் மடித்தது மடித்தபடி பைக்குள் திரும்பி வந்தது. அதன்பிறகு அந்தக் குழந்தையைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. இரண்டாவது தரித்ததும் மாமியார் அதை வாய்விட்டே சொல்லிவிட்டார்: அதைப் பேசினால் வயிற்றில் இருப்பதற்கு ஆகாது, இது கைக்கு வரும்வரை ஒரு வார்த்தை கூடாது. கொடுமைக்காரர் அல்ல அவர். அவ்வளவு பயம்.

“போன வாரம் அத்தை ஆஸ்பத்திரிக்குப் பையை எடுத்து வச்சாவ சிஸ்டர்,” என்றாள் முத்துச்செல்வி. “திறந்து பாத்தா மேலயே அந்தத் துண்டு இருக்கு.”

கைப்பேசியை வாயோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள்.

“நல்ல மெத்துன்னு இருக்குல்லா, அதான் வச்சிருப்பாவ. அது எங்கூட வந்தா நான் அந்தப் படி ஏற மாட்டேன். வேண்டாம்னு சொல்லணும்னா எதுக்குன்னு சொல்லணும். அதைத்தான் பேசக் கூடாதுன்னுருக்காவளே.”

ஒரு துண்டை வேண்டாம் என்று சொல்ல வழியில்லாததால் அவள் மருத்துவமனையையே வேண்டாம் என்றிருக்கிறாள். இதற்குக் கொரோனா பயம் என்று பெயர் வைத்து, நாங்கள் வண்டியும் அனுப்பியிருந்தோம்.

மணி பன்னிரண்டு பதினாறு. என்னிடம் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. மாமியாரைக் கூப்பிட்டு உட்கார வைத்து உண்மையைப் பேசலாம். பேசவேண்டியதுதான், ஆனால் அது பன்னிரண்டு நிமிடத்தில் முடிகிற பேச்சல்ல. அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதால் அந்த ரத்த அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். நிஷா குறுக்கே வந்தாள்.

“சிஸ்டர், கொரோனாவுக்குத் துண்டு கூடாதுன்னு ரூல் போட்டிருக்குன்னு சொல்லிருங்க. எல்லாத்துக்கும் அதைத்தான சொல்லுதீங்க, இதுக்கும் சொன்னா என்ன கொறஞ்சுரும்?”

அதுவரை ஒரு நோயாளியின் வீட்டாரிடமும் நான் இல்லாத விதியைச் சொன்னதில்லை. யோசித்தேன், பத்து விநாடி இருக்கும். இதனால் யாருக்காவது கெடுதல் வருமா? வராது. நாளைக்கு இதைத் திருத்திச் சொல்ல முடியுமா? முடியும். போனை மாமியாரிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் வெளித்திண்ணைப் பக்கம் போய்த் தறிச் சத்தத்தை மீறிக் கத்திப் பேசினார்.

“அம்மா, பையில துண்டு எதுவும் இருக்கா?”

“இருக்கு சிஸ்டர், பிள்ளைக்கு.”

“துண்டு கூடாதுன்னு சொல்லிட்டாங்கம்மா. மெல்லிசான சேலைத்துணிதான் வைக்கணும்.”

“துண்டுக்குமா கொரோனா?”

“துண்டுக்குந்தான்.”

“அப்பம் என் சேலையில ஒண்ணைக் கிழிச்சு வைக்கேன்” என்றார். பைக்குள்ளிருந்த துண்டை மடிப்புக் கலையாமல் எடுத்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு, தன் கரும்பச்சைச் சேலையிலேயே பிள்ளையைச் சுற்றும் அளவுக்கு இரண்டு பகுதிகளைக் கிழித்தார் என்று செவிலியர் பிறகு சொன்னாள். முத்துச்செல்வி பையைத் திறந்து பார்த்தாள். மூடினாள். எழுந்து, “ஆம்புலன்ஸ் எங்கன நிக்கு?” என்று கேட்டாள்.

பன்னிரண்டு இருபத்தேழுக்கு வண்டி கிளம்பியது. ஒரு மணிக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது அவள் வார்டில் இருந்தாள். மறுநாளைக்கு மறுநாள் அறுவை சிகிச்சையில் பெண் குழந்தை பிறந்தது. எடை சற்றுக் குறைவு, அழுகையில் குறைவில்லை. துணைக்கு ஆள் விடாத வார்டு என்பதால் குழந்தை அழுததைப் பதிவுசெய்து அவள் குழுவில் போட்டுவிட, புளியங்குடி முதல் சிவகிரி வரை எட்டு வீடுகளில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள்.

அன்றைய அறிக்கையில் எழுதினேன்: மாமியாரிடம் உண்மையல்லாத ஒரு விதியைச் சொன்னேன். மருத்துவ அலுவலர் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டார். காரணம் கேட்டார், சொன்னேன், கையெழுத்துப் போட்டார். பழைய அறிக்கையில் இருந்த ‘முன்னேற்றம்’ என்ற சொல்லை அடித்து, பக்கத்தில் தேதி போட்டேன். தவற்றை அழிக்காதீர்கள், அடித்துவிட்டுத் தெரியும்படி விடுங்கள்.

அடுத்த புதனிலிருந்து அமைதியான இடம் என்ற வரியை நான் சொல்வதை விட்டுவிட்டேன். உன் வீட்டில் எந்த நேரத்தில் பேசினால் யாருக்கும் கேட்காது என்று ஒவ்வொருத்தியிடமும் தனியாகக் கேட்டேன். ஒருத்திக்கு அது மாவாட்டும் நேரம். ஒருத்திக்குத் தண்ணீர் மோட்டார் ஓடும் நேரம். நிஷாவுக்கு மட்டும் எந்த நேரமும். நீங்கள் நிரப்பும் படிவத்தில் ‘எப்படி இருக்கிறார்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில், பேசும்போது உடன் யார் இருந்தார்கள் என்று ஒரு கட்டத்தை நீங்களாகவே வரைந்துகொள்ளுங்கள். முதல் கட்டத்தில் இருக்கும் பதிலை எவ்வளவு நம்பலாம் என்று இரண்டாவது கட்டம் சொல்லும்.

என் தனிமைக் காலம் முடிந்து, குழந்தைக்குப் பதினெட்டாவது நாள் அந்த வீட்டுக்கு நேரில் போனேன். முத்துச்செல்வி குழந்தையோடு உள்ளே இருந்தாள். மாமியாரிடம் விதி விஷயத்தைத் திருத்திச் சொன்னேன். “தெரியும் சிஸ்டர்” என்றார். மருமகளும் அவரும் அதற்குள் பேசிவிட்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

வெளியே வரும் வழியில் தறிக்கூடம். நூல் வந்துவிட்டிருந்தது, இரண்டாவது தறியில் மாரியப்பன் எங்களுக்கு முதுகு காட்டி நின்று தார் மாற்றிக்கொண்டிருந்தார். முத்துச்செல்வி பேசிய அன்று ஓடிய தறி நின்றுகிடந்தது. மாமியார் அதைக் காட்டிச் சலித்துக்கொண்டார்.

“இங்க பாருங்க, இவன் ஓட்டுன லட்சணத்த. அன்னைக்கு ஓட்டுனது. வெட்டி எறியவும் மாட்டேங்கான்.”

குனிந்து பார்த்தேன். துண்டு நெய்து வந்த இடத்திலிருந்து மூன்று முழத்துக்குப் பாவு நூல் மட்டும் நீளவாட்டில் இருந்தது. குறுக்கே ஓர் இழை ஊடைகூட இல்லை. தார் தீர்ந்ததும் விழுந்து தறியை நிறுத்துகிற அந்தச் சின்னக் கம்பி, சிவப்பு நூலால் மேலே தூக்கிக் கட்டப்பட்டிருந்தது.